அறுபத்தாறில் தாவிய கோடு

அப்துல் ஹக் மரவாடியின் ஆபீஸ் அறையில், காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலேயே அந்த வரைபடமும் தொங்கியது. கட்டம் போட்ட காகிதத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு, நீல மையில் ஒரு கோடு. சிவப்பு சிலோன், நீலம் இந்தியா. பைன் மாதிரி மென்மரங்களை அறுத்த பலகையாக இரண்டு நாடுகளும் எத்தனை ரூபாய்க்கு வெளியிலிருந்து வாங்கின என்பதை, மூன்று மாதத்துக்கு ஒரு புள்ளி வீதம், 1957 தொடங்கி 1967 மார்ச் வரை அந்தக் கோடுகள் காட்டின. தேயிலைப் பெட்டிக்கும் கட்டடத்துக்கும் சிலோன் பலகை வாங்கிக்கொண்டே இருந்தது. சிவப்பு மேலேயே போயிற்று. நீலம் அதற்குக் கீழே ஒன்பது வருஷம் படுத்துக் கிடந்தது. அறுபத்தாறின் நடுவில் திடீரென்று எழுந்து ஒரே தாவலில் சிவப்பைத் தாண்டியது.

வரைந்தவன் உத்திராபதி. மரவாடியின் கிளார்க். வயது இருபத்திரண்டு. திருவந்திபுரத்திலிருந்து காலையில் சைக்கிளில் வந்து, வந்த மரம், போன மரம் எல்லாம் எழுதிவிட்டு, திங்கள் புதன் வெள்ளி மாலைகளில் கடலூர் ஓ.டி. ஸ்டேஷனில் பாசஞ்சர் பிடித்துச் சிதம்பரம் போவான். அங்கே மாலை வகுப்பில் வணிகப் புள்ளியியல் படித்தான். ஏதாவது ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு இரண்டு நாடுகளின் இறக்குமதியை ஒப்பிடுங்கள் என்று வாத்தியார் சொன்னபோது, மற்றவர்கள் சர்க்கரை, பருத்தி என்று போனார்கள். மரத்தைத் தவிரத் தனக்கு வேறொன்றும் தெரியாது என்ற பயத்தில் உத்திராபதி மரத்தை எடுத்தான்.

அந்த வரைபடத்துக்காக அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரம் நூலகத்தில் உட்கார்ந்து தடித்தடியான வர்த்தகப் புத்தகங்களிலிருந்து எண்களை நோட்டில் இறக்கினான். மேலிருந்து கீழே கூட்டினான், கீழிருந்து மேலே கூட்டினான், பிறகு கூடப் படிக்கும் சுப்புராயனை வாசிக்கச் சொல்லி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். நம்முடைய வருஷம் மார்ச்சில் முடிகிறது, சிலோனுடையது டிசம்பரில் முடிகிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொருந்தாது என்று கண்டுபிடித்ததும் அவன்தான். மாதக் கணக்கெல்லாம் எடுத்து மும்மாதமாகப் பிரித்துத் திரும்ப முதலிலிருந்து போட்டான். இவ்வளவுக்குப் பிறகும், எங்கேயோ ஒரு தப்பு இருக்கிறது, தன் கண்ணுக்குத்தான் படவில்லை என்று டைரியில் எழுதியிருந்தான். எதைச் செய்தாலும் அப்படி எழுதுவது அவன் வழக்கம். அதனால் அதை அவனே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வரைபடத்தை ஒரு நாள் மேஜையில் பார்த்தவர் முதலாளி அப்துல் ஹக்.

"இன்னாடா இது, நீலம் இப்பிடிப் பாயுது?"

"அது நாம வாங்குறது முதலாளி. போன வருசத்துலேர்ந்து."

ஹக் அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அவருடைய தங்கை சலீமா பீவியின் புருஷன் ரஃபியுதீன் கொழும்பில் ஒரு மரக்கடையில் மேஸ்திரி. பைன் பலகையைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்லக்கூடிய ஆள். அவரை வரவழைத்து, பலகை இறக்குமதிக்கு லைசென்ஸ் வாங்கி, கடலூரிலேயே தனிக் கிடங்கு போடலாமா என்று ஹக் இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார். யோசனைக்குக் காரணம் இருந்தது. ரஃபியுதீன் அங்கே தங்குவது டி.ஆர்.பி. என்கிற தற்காலிக பர்மிட்டில். அது செப்டம்பர் முப்பதோடு முடிகிறது. அதற்குள் புதுப்பித்தால் இன்னும் இரண்டு வருஷம். விட்டுவிட்டு வந்தால் வந்ததுதான். திரும்பப் போக முடியாது.

"பத்து வருசம் படுத்துக்கெடந்தது எழுந்து ஓடுதுன்னா, இதுக்கு மேல எனக்கு எவன் வந்து சொல்லணும்?" என்றார் ஹக். அன்றைக்கே கொழும்புக்குக் கடிதம் போயிற்று. பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டாம், வந்து சேருங்கள் மச்சான். பத்து நாளில் பதில் வந்தது. முப்பதாம் தேதியோடு நின்றுகொள்வதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். நோன்புக்கு முன்னால் வீட்டில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.

ஹக் வரைபடத்துக்கு ஒரு பிரதி போட்டுத் தரச் சொல்லித் தங்கை வீட்டுக்கும் எடுத்துப்போனார். அந்த வாரமே அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது.

செப்டம்பர் இருபத்தேழாம் தேதி, புதன்கிழமை. ரஃபியுதீனின் மாத மணியார்டர் வந்தது. சலீமா பீவி வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால் மணியார்டர் மரவாடி விலாசத்துக்கே வரும். ஹக் கையெழுத்துப் போட்டு வாங்குவார், உத்திராபதி இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பான். இரண்டு வருஷமாக அது அவன் வேலை.

சாமிக்கண்ணு சாரத்தின் மேல் நின்று முன்சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். கீழே சலீமா பீவியின் மகள் ஜெய்னப் சுண்ணாம்புச் சொட்டுகளைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது. தகப்பனை மூன்று தடவை பார்த்திருக்கிறாள். முதல் தடவை பார்த்தது அவளுக்கு நினைவில் இல்லை.

"எங்க அத்தா கப்பல்ல வராரு," என்றாள் உத்திராபதியிடம். "மரம் எல்லாம் கொண்டாராரு."

"மரத்த அப்புறம் கொண்டாருவாரு பாப்பா. மொதல்ல அவரு வரட்டும்," என்றான் சாமிக்கண்ணு மேலிருந்து.

சலீமா பீவி கதவுக்குப் பின்னாலிருந்து பணத்தை வாங்கி எண்ணினாள். "பசியாறிட்டீங்களா தம்பி?"

"ஆச்சுக்கா."

"அண்ணன் ஒங்க காகிதத்தக் கொண்டாந்து குடுத்தாங்க. கோடு புரியுது. அடியில இருக்கற வருசந்தான் பொடிப் பொடியா இருக்கு. அந்த நீலம் எந்த வருசத்துல தாவுது?"

"அறுபத்தாறுக்கா. ஜூனுக்குப் பிற்பாடு."

உள்ளே பணம் எண்ணுகிற சத்தம் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். "நூத்தம்பத்தேழரை. சரியா இருக்கு," என்றாள். குரல் ஏதோ போல இருந்தது. வழக்கமாக இரண்டு முறுக்காவது கொடுத்தனுப்புகிறவள் அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தான் ஏதும் தப்பாகப் பேசிவிட்டோமோ என்று யோசித்துக்கொண்டே உத்திராபதி மரவாடிக்குத் திரும்பினான்.

மாலை வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கடலை மண்டியில் இனாமாகக் கொடுத்த டைரியை மடியில் விரித்து, வழக்கம்போல அன்றைக்கு நடந்ததை எண் போட்டு எழுதினான்.

1. காலை பத்து நிமிஷம் தாமதம். சைக்கிள் செயின்.
2. ஆலப்பாக்கம் வண்டிக்கு வேங்கைச் சட்டம் பதினாறு ஏற்றியது.
3. சலீமா அக்காவுக்கு மணியார்டர். அங்கே நூறு, இங்கே 157.50.
4. கோடு எந்த வருஷம் தாவுகிறது என்று கேட்டார்கள். 1966, ஜூனுக்குப் பிறகு என்றேன்.

ஐந்து என்று போட்டுவிட்டுப் பேனா நின்றது. மூன்றையும் நான்கையும் மறுபடி படித்தான்.

நூறு எப்போதும் 157.50 ஆக இருந்ததில்லை. அவன் இந்த வேலைக்கு வந்த புதிதில் ரஃபியுதீன் நூறு அனுப்பினால் நூறுதான் வந்தது. அந்தக் கடலோரத்தில் எல்லோருக்கும் பிறந்ததிலிருந்து அப்படித்தான். சிலோன் ரூபாயும் நம் ரூபாயும் ஒரே எடை. போன வருஷம் ஜூன் ஆறாம் தேதி சர்க்கார் நம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. சிலோன் குறைக்கவில்லை. அந்த மாதத்திலிருந்து நூறு, நூற்றைம்பத்தேழரை ஆயிற்று. மதிப்புக் குறைப்பைப் பற்றி வகுப்பில் நான்கு பக்கக் கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கியவன் அவன். மாதாமாதம் அந்தப் பணத்தைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவன். ஆனால் கட்டம் போட்ட காகிதத்தில் உட்கார்ந்ததும் இந்த ரூபாய்க்கும் அந்த ரூபாய்க்கும் ஒரே அளவுகோலைப் போட்டுவிட்டான்.

பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தான். கடைசி மூன்று புள்ளிகளையும் 1.575ஆல் வகுக்க ஆரம்பித்தான். வண்டி ஆடியதில் எண்கள் கோணின. புதுச்சத்திரத்தில் சுப்புராயன் ஏறி எதிரே உட்கார்ந்தது அவனுக்குத் தெரியவில்லை.

"இன்னா மாப்ளே, ரயில்லயே பரிட்ச எழுதுற?"

உத்திராபதி நோட்டைத் திருப்பிக் காட்டிச் சொன்னான். சுப்புராயன் மேலும் கீழும் பார்த்தான்.

"வகுத்தா நீலம் எங்க நிக்கிது?"

"எழுந்திரிக்கவே இல்லடா. அறுபத்திரெண்டுல இருந்ததுக்கும் ஒரு நூல் கீழ நிக்கிது."

"அப்ப தாவுனது?"

"விலை. மரம் தாவல. அதே மரத்துக்கு ஜாஸ்தி ரூபாய் குடுத்திருக்கோம், அவ்ளோதான்."

"எண்ண வாசிச்சவன் நானு. வாத்தியாரும் பாத்தாரு. எவனுக்கும் தெரியல. வாயத் தெறக்காத, அம்பதுக்கு நாப்பத்தெட்டு வாங்கிக்கினு போயிரு."

"மார்க்கு இல்லடா. அதுல ஒரு ஆளு இருக்காரு."

"எதுல?"

"கோட்டுல."

வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியவில்லை. ஜூன் மாதத்தில் ஆறாம் தேதிக்கு முந்தியது எவ்வளவு, பிந்தியது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லையே என்று உத்திராபதி அந்த நேரத்திலும் கவலைப்பட்டான். அதைப் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் நீலம் எழுந்திருக்கப்போவதில்லை என்று அவனுக்கே தெரிந்தது.

வகுப்பு முடிந்ததும் வாத்தியார் சபாபதியின் மேஜைக்குப் போனான். அவர் வரைபடத்தை எடுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நீலக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"நான் யாழ்ப்பாணத்துல மூணு வருசம் வேல பாத்தவன்யா," என்றார். "நூறு அனுப்பினா அம்மாவுக்கு நூறு வரும். அந்த நெனப்புலயே டிக் போட்டிருக்கேன் பாரு." வெட்கப்பட்டவர் போலச் சிரித்தார். "வெள்ளிக்கெழமைக்குள்ள திருத்திக் கொண்டா. மார்க்க ஒண்ணும் பண்ணல."

"வெள்ளிக்கெழமைக்குள்ள" என்ற சொல் உத்திராபதியோடு வீடு வரைக்கும் வந்தது. சனிக்கிழமை முப்பதாம் தேதி.

வியாழக்கிழமை காலை அப்துல் ஹக் மரவாடிக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டான். சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் எண் போட்டு வைத்திருந்தும் வாயிலிருந்து கலைந்துதான் வந்தது. ஹக்குக்கு மூன்றாவது தடவைதான் புரிந்தது.

"கூட்டல மூணு தடவ பாத்தேன்னு சொன்னியேடா!"

"கூட்டல் சரிதான் முதலாளி."

"கூட்டல் சரி. மரந்தான் இல்ல." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மாசாமாசம் அந்த மணியார்டர்ல கையெழுத்துப் போடறவன் நானு. எனக்கே ஒறைக்கல. ஒன்னச் சொல்லி இன்னா செய்ய."

"முதலாளி, ஒரு தந்தி குடுத்தா நாளைக்குள்ள கெடைச்சிரும். சனிக்கிழமைக்குள்ள புதுப்பிச்சிரலாம்."

ஹக் வெளியே பார்த்தார். உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்று மரத்தூளைக் கிளப்பிக்கொண்டிருந்தது. "கிடங்குக்கு எடம் பேசியாச்சு. பள்ளிவாசல்ல நாலு பேருகிட்ட சொல்லியாச்சு. மச்சான் வராருன்னு ஊரே கேக்குது. இப்பப் போய் வராதீங்கன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எழுதறது? வரட்டும். வந்தா நான் சோறு போட மாட்டனா?"

"அவுங்களுக்கு இங்க வேல இருக்காதே முதலாளி. வேங்கையும் தேக்கும் ஏத்தி எறக்கவா கூப்புடறோம்?"

"நீ எழுதுனதப் பாத்துத்தான்டா நான் கூப்புட்டேன்!" மேஜையில் ஓங்கித் தட்டினார். மைக்கூடு துள்ளியது. பிறகு குரல் இறங்கியது. "நான் தந்தி குடுக்க மாட்டேன். ஒனக்கு அவ்ளோ உறுத்துனா எந்தங்கச்சிகிட்ட நீயே போய்ச் சொல்லு. வெள்ளையடிக்கிறவனையும் நிறுத்திட்டு வா."

உத்திராபதி மத்தியானம் வரைக்கும் போகவில்லை. பற்றுச்சீட்டுகளை அடுக்கினான், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினான். தான் வகுத்ததே தப்பாக இருந்தால் என்று ஒரு எண்ணம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை வகுத்துப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. சைக்கிளை எடுத்தான்.

முன்சுவர் முடிந்து பக்கச் சுவர் பாதி வரைக்கும் வந்திருந்தது. சாமிக்கண்ணு நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சலீமா பீவி கதவை ஒரு சாண் திறந்தாள்.

"மணியார்டர் நேத்தே வந்துருச்சே தம்பி."

"அதுக்கில்லக்கா. அந்த வரைபடத்துல ஒரு தப்பு..."

"தெரியும்," என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கதவிடுக்கில் முகம் பாதிதான் தெரிந்தது.

"நேத்து நீங்க அறுபத்தாறுன்னு சொன்னப்பவே தெரிஞ்சிபோச்சு. நூறு நூத்தம்பத்தேழரையா ஆனது எந்த மாசம்னு எனக்குத் தெரியாதா? அந்த மாசந்தான் ஜெய்னபுக்கு அம்ம போட்டிருந்தது. பணம் ஜாஸ்தி வந்திருக்குன்னு திருப்பிக் குடுக்கப் போனேன். தபால்காரருதான் வெவரம் சொன்னாரு. ராத்திரி பூரா ஒங்க காகிதத்த வச்சிக்கிட்டுப் பாத்தேன். ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். சனிக்கெழம வரைக்கும் யாருக்கும் தெரியாம இருந்துட்டாப் போதும்னு நெனச்சேன். நீங்க இன்னிக்கே வந்துட்டீங்க."

"நான் சொல்லாம இருந்திருக்கணுமாக்கா?" என்று கேட்டுவிட்டான். கேட்டது எவ்வளவு கோழைத்தனம் என்று உடனே உறைத்தது.

"அத எங்கிட்ட கேக்காதீங்க." கோபமில்லாமல்தான் சொன்னாள். "கல்யாணமாகி எட்டு வருசம். நான் கூட்டி வச்சிருக்கேன், அவரு இந்த வூட்ல இருந்தது பதினோரு மாசம், நாலு நாளு. ஒங்களாட்டம் எனக்கும் கணக்கு வரும்."

உள்ளே போனாள். அவன் போய்விடலாமா, நிற்கலாமா என்று குழம்பிக்கொண்டு நின்றான். அவள் திரும்பி வந்தபோது கையில் ஐந்து ரூபாய் நோட்டு இருந்தது.

"தந்திக்கு இது போதுமா?"

"நான் குடுத்துக்கறேங்க்கா."

"என் புருசனுக்கு நான் குடுக்கற தந்தி. இன்னா எழுதுவீங்க, சொல்லுங்க."

அவன் சட்டைப்பையிலிருந்து காகிதம் எடுத்து இங்கிலீஷில் எழுதி, தமிழில் படித்தான். "இந்தியக் கணக்கு தப்பு. இங்கே பைன் வேலை இல்லை. பர்மிட்டைப் புதுப்பியுங்கள். சலீமா."

"அந்த மூணாவதை அடிங்க."

"அக்கா?"

"புதுப்பிங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வாங்கன்னும் சொல்ல மாட்டேன். ரெண்டையும் என் வாயால வரவழைக்காதீங்க. கணக்கு தப்புன்னு சொல்லுங்க, வேல இல்லன்னு சொல்லுங்க. முடிவு அவரு பண்ணட்டும்."

அவன் அடித்தான். தபாலாபீசில் படிவத்தை நிரப்பும்போது, வார்த்தைக்கு இவ்வளவு என்று எண்ணிய குமாஸ்தா, "இன்னும் ரெண்டு வார்த்த போடலாம், அதே காசுதான்" என்றார். உத்திராபதி யோசித்தான். வேண்டாமென்று தலையாட்டினான். அந்த இரண்டு வார்த்தையைச் சேர்க்கத் தனக்கு உரிமையில்லை என்று அன்றைய டைரியில் எழுதினான். எழுதிவிட்டு, உரிமையா தைரியமா என்று பக்கத்தில் ஒரு கேள்வியும் போட்டான்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. ஹக் அவனோடு வேலைக்கு வேண்டியதைத் தவிரப் பேசவில்லை. ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்தவர், வரைபடத்தைப் பார்க்காமலிருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு மரவாடிக்குத் தந்தி வந்தது. சலீமா பெயருக்கு. ஹக் பிரித்து, படித்து, உத்திராபதியிடம் நீட்டினார். இரண்டே வார்த்தை.

"புதுப்பித்தேன். ரஃபி."

ஹக் எழுந்து போய் ஆணியிலிருந்து வரைபடத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. நாலாக மடித்து அவன் கையில் கொடுத்தார். "கொண்டுபோய்க் குடுத்துட்டு வா," என்றார். எதைக் கொடுப்பது என்று கேட்காமல், தந்தியை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் போனான்.

சலீமா பீவிக்கு இங்கிலீஷ் தெரியாது. தந்தியை வாங்கி, எழுத்தைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தந்தியை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"எத்தன வருசம்?"

"ரெண்டு போடுவாங்கக்கா."

சாரத்தின் மேலிருந்த சாமிக்கண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது போலிருந்தது. சுண்ணாம்பு மட்டையை வாளி விளிம்பில் வைத்துக்கொண்டு கேட்டான். "அம்மா, பின்சுவரு பாக்கி கெடக்கு. நிறுத்திக்கவா?"

"எதுக்கு நிறுத்தணும்? நாங்க இங்கதானே இருக்கோம். அடிங்க."

ஜெய்னப் ஓடிவந்து உத்திராபதியின் சைக்கிள் மணியை அடித்தாள். கப்பல் வந்துருச்சா என்று கேட்டாள். அவன் அவளுக்குப் பதில் சொல்லுமுன் சலீமா பீவி பிள்ளையைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவு சாத்தப்படவில்லை. அவன் நின்றான்.

"தம்பி."

"அக்கா."

"ஒங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. அல்லா மேல ஆணையா சொல்றேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அடுத்த மாசத்துலேர்ந்து மணியார்டர அண்ணனே கொண்டாரட்டும். நீங்க வர வேணாம்."

"சரிக்கா," என்றான் உத்திராபதி.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தே போனான். பின்னால் சுண்ணாம்பு மட்டை சுவரில் ஏறி இறங்குகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.